தணிகாசலம் நட்ட மூங்கில்

தமயந்தி அம்மாவிடம் உபதேசம் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போனார்கள். காலையில் அவருக்கு மருந்துக் கடையில் வேலை. மாலையில் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வைப்பார். வருகிறவர்கள் உட்காரலாம். கண்ணை மூடுவதும் திறப்பதும் அவரவர் இஷ்டம். "காபியில சர்க்கரை போதுமா?" என்பதுதான் பல நாட்களில் அவர் பேசுகிற நீளமான வாக்கியம்.

வீடு கொளத்தூரில். அந்தத் தெருவில் பாதிக் கடைகள் வண்ணமீன் கடைகள். மளிகைக் கடை இல்லாத தெரு கூட அங்கே உண்டு, மீன்தொட்டி இல்லாத வீடு கிடையாது. அம்மா வீட்டுக் கூடத்திலும் ஒரு தொட்டி இருந்தது. மேலே மூடி இல்லை. உள்ளே கூழாங்கல்லும் இரண்டு பெரிய தங்கமீன்களும். கல்லை வாயால் அள்ளி, மென்று, துப்பி, மறுபடி அள்ளுவது அவற்றின் முழுநேர வேலை. தியானம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எங்களில் ஒருவர் தணிகாசலம். பந்தல் காண்ட்ராக்டர். ஒரு கோடையில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட வந்தார். இறங்கி வந்து தண்ணீர் கேட்டவர், எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் வராத மாலை அபூர்வம். அறுபதை எட்டப்போகிற அவர், நாற்பதைத் தாண்டியிருந்த தமயந்தியை "அம்மா" என்பார். அம்மா அவரை "அண்ணா" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று குழப்பமாக இருக்கும்.

நடுவில் பல மாதம் அவர் வரவில்லை. மனைவி பூங்காவனத்துக்குப் பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன என்று கேள்விப்பட்டோம். தொழிலை ஆட்களிடம் விட்டுவிட்டு, மனுஷன் அவளோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் வெளியே தலைகாட்டவில்லை.

ஒரு நாள் மாலை வந்தார். இளைத்திருந்தார். பாயில் உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணா."

"பூங்காவனம் எப்போம்மா நடப்பா?"

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நடக்கலாம்னுதான் சொல்றாரு. கால்ல பலம் வந்துடுச்சாம். பயிற்சி குடுக்க வர்ற பொண்ணும் அதேதான் சொல்லுது. ஆனா நான் கையப் பிடிச்சாதான் நாலடி வெக்கிறா. விட்டா சாயிறா."

"சாஞ்சா?"

"சாஞ்சா இன்னா, உடனே பிடிச்சுடுவேன். ஒரு தபா கூட அவள விழ விட்டதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அப்புறம் அது போய்விட்டது.

"ஆயுசுக்கும் என் கையப் பிடிச்சுக்கினு இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா எனக்கு வயசாவுது. நான் முன்னாடி போயிட்டேன்னு வெச்சுக்குங்க. அவ அந்த நாற்காலியிலயே உக்காந்துடுவா. அத்த நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. மந்திரம், விரதம், எதுவானாலும் சொல்லுங்க. செய்யறேன்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தார். அதில் லக்கி பேம்பூ என்று விற்கிறார்களே, அந்தப் பச்சைக் குச்சிகள் நாலைந்து, தங்க நூலால் கட்டி, சிவப்பு ரிப்பனோடு நின்றன. வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரட்டும் என்று யாரோ கொடுத்துவிட்டுப் போனது. அம்மா ரிப்பனை அவிழ்த்தார். ஒரு குச்சியை உருவி மீன்தொட்டிக்குள் போட்டார். அது மல்லாந்து மிதந்தது.

"இதை நேரா நிக்க வைங்கண்ணா. அப்புறம் பேசலாம்."

தணிகாசலம் குச்சியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"மூங்கிலையா? என்கிட்டயா சொல்றீங்க?"

"உங்ககிட்டதான். இலை மட்டும் தண்ணிக்கு மேல இருக்கணும். தினம் சாயந்திரம் வந்து பாத்துக்குங்க."

"தினமுமா? அவள யாரு பாத்துப்பாங்க?"

"ஒரு மணி நேரம்தானே. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வாங்க. அண்ணி நாற்காலியிலதானே இருக்காங்க? ஒண்ணும் ஆகாது."

அம்மா அன்று இவ்வளவு பேசியதே எங்களுக்கு அதிசயமாக இருந்தது.

தணிகாசலம் சட்டைக் கையை மடித்தார். கூழாங்கல்லை ஒதுக்கி, கண்ணாடித் தரை தெரிகிற வரைக்கும் குழி பறித்தார். குச்சியை நிறுத்தினார். கல்லைத் தள்ளி, விரல்களால் குத்திக் குத்தி இறுக்கினார். கடப்பாரை இல்லாத குறைதான். பிறகு இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குச்சி அம்பு போல நின்றது.

"தேர்த் திருவிழாவுக்கே பந்தல் போட்டவன்," என்றார் எங்களிடம்.

மறுநாள் மாலை அவர் வந்தபோது குச்சி மிதந்துகொண்டிருந்தது. குழி இருந்த இடத்தில் தங்கமீன்கள் இரண்டும் வாயைப் புதைத்துக்கொண்டு நின்றன. ராத்திரி முழுக்க மென்றிருக்கும் போலிருக்கிறது.

"குடைஞ்சுடுச்சுங்களே!"

"குடையும்ணா."

"அப்போ இத்த வேற மாதிரி பண்ணணும்."

வீட்டுக்குப் போய் நைலான் கயிறும் ஒரு கருங்கல் சில்லும் எடுத்து வந்தார். குச்சியின் அடியைக் கல்லோடு வைத்துக் கட்டினார். பந்தல்காரர்கள் போடுகிற முடிச்சு. ஆடிக் காற்றுக்கே அவிழாதது, தங்கமீனுக்கா அவிழும்? கல் அடியில் போய் உட்கார்ந்தது. குச்சி நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கு அடுத்த வாரமும் நின்றது. தணிகாசலம் வருவார், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், தலையாட்டிக்கொள்வார்.

"நின்னுடுச்சும்மா. இப்போ சொல்லுங்க."

"இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"இன்னாத்துக்கு? மட்டம் பாத்தாச்சு. ஒரு நூல் சாயல."

"போகட்டும்ணா. அண்ணி எப்படி இருக்காங்க?"

"கீறா. அப்படியேதான். சாப்புடறா, தூங்கறா. கொஞ்ச நாளா ஜாக்கெட்டுத் தோள்ல சுண்ணாம்பு ஒட்டிக்கினு கீது. நாற்காலி செவுத்தோரமா இருந்துச்சு. அதான் ஒரசுதுன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

அம்மா "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் "ம்" என்றார். எங்களுக்கு அது வழக்கமான "ம்" ஆகத்தான் பட்டது.

சில நாளில் குச்சியின் அடி மஞ்சளாகியது. மஞ்சள் மெல்ல மேலே ஏறியது. இலை நுனிகள் சுருண்டன. குச்சி என்னவோ நேராகத்தான் நின்றது. அம்மா அதைக் கல்லோடு தூக்கி வெளியே எடுத்து, தணிகாசலத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"த்தூ!" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடம் முழுக்க நாற்றம்.

முடிச்சை அவிழ்க்க முயன்றார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. பிளேடால் அறுத்தார். கயிறு இருந்த இடத்தில் குச்சி கொழகொழவென்று போயிருந்தது. நகத்தால் பிளந்து உள்ளே பார்த்தார்.

"இன்னாம்மா இது, உள்ள ஓட்டையே இல்ல. கெட்டியா கீது. இது மூங்கிலே இல்லம்மா."

"அப்படியா?"

"மூங்கில்னா எனக்குத் தெரியாதா? நான் கட்டுறது வெட்டிக் காயப் போட்டது. எவ்ளோ வேணா இறுக்கலாம். இன்னும் இறுக்குன்னு கேக்கும். இது..."

"இது?"

"இது உசுரோட கீது."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். அன்று காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். ஆள் மாறிவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். மனுஷர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறினால் அம்மாவுக்கு ஏன் வேலை? மறுநாள் பழைய வேட்டியைக் கிழித்த நாடாக்களோடு வந்தார்.

"இறுக்கினாதானே அழுவும்? தொளதொளன்னு கட்டிட்டா?"

இரண்டாவது குச்சியை எடுத்தார். நடுவில் ஒரு துணி வளையம். அதிலிருந்து தொட்டியின் நாலு மூலைக்கும் நாலு நாடா. நாலு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டிவிட்டு, கொடிமரத்தைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு சீரியல் விளக்கு போட்டிருந்தால் திருவிழாவே நடத்தியிருக்கலாம். மீன்களும் வேடிக்கை பார்க்க வந்தன. பெரிய மீன் ஒரு நாடாவுக்கு அடியில் நுழைந்து, துடுப்பு மாட்டிக்கொண்டு, தொட்டியையே கலக்கிவிட்டது. தண்ணீர் எங்கள் பாயெல்லாம். தணிகாசலம் கையை விட்டு அதை விடுவித்தார். மீனுக்குக் காயமில்லை. குச்சி மிதந்தது.

"அம்மா, இந்த ரெண்டையும் எடுத்து பக்கெட்டுல உட்டுடலாமா? தொந்தரவு ஒழியும்."

"அது அவங்க வீடுண்ணா. குச்சிதான் இப்போ வந்தது."

"இதுங்க குடைஞ்சுக்கினே இருந்தா அது எப்படி நிக்கும்?"

"இதுங்க கழிக்கிறதைத் தின்னுதான் அது வளரணும்."

தணிகாசலத்துக்கு அலுப்பு வந்துவிட்டது. அதன் பிறகு கயிறும் இல்லை, கல்லும் இல்லை. வந்தவுடன் தொட்டிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். கையைத் தண்ணீரில் விட்டு, குச்சியைத் தானே பிடித்துக்கொள்வார். மீன்கள் வந்து அவர் விரலைச் சப்பும். சிரிப்பு வந்தாலும் கையை அசைக்க மாட்டார். நாங்கள் கண்ணை மூடி உட்கார்ந்து, திறந்து பார்க்கும்போதும் அப்படியே இருப்பார். தியானம் என்று ஒன்று அந்தக் கூடத்தில் நடந்தது என்றால் அந்த நாட்களில்தான் நடந்தது, அதுவும் அவர் ஒருவருக்குத்தான்.

ஒரு மாலை எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, அண்ணி காத்துட்டிருப்பாங்க. கையை விடுங்க."

"உட்டா விழுந்துடும்மா."

"விடுங்க."

தணிகாசலம் ஒவ்வொரு விரலாக எடுத்தார். கடைசி விரலை எடுத்ததும் குச்சி மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து சாய்ந்து, தொட்டியின் மூலைக் கண்ணாடியில் தோள் பட்டதும் நின்றது. அடி இரண்டு கூழாங்கல்லுக்கு நடுவே இருந்தது. இலை தண்ணீருக்கு மேலே இருந்தது.

"பாத்தீங்களா, சாஞ்சிடுச்சு."

"விழுந்துடுச்சா?"

அவர் கையை வெளியே எடுத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க தொழில்ல இதுக்குப் பேரே விழுந்ததுதாம்மா. ஒரு கம்பு ஒரு விரல் சாஞ்சாலும் அன்னிக்கே நிமித்திடணும். உட்டா மொத்தப் பந்தலும் ஜனத்து மேல உக்காந்துடும்."

"எப்படி நிமித்துவீங்க?"

"எந்தப் பக்கம் சாயுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் கயிறு போட்டு இழுப்போம்."

"அண்ணியை?"

"அவ இடப்பக்கம் சாயிறா. நான் வலது கையப் பிடிச்சு என் பக்கமா இழுத்துக்குவேன்."

அம்மா தொட்டியைப் பார்த்தார்.

"இதை இப்படியே விட்டுடுங்கண்ணா. தொடாதீங்க."

"அப்போ நான் தினம் வந்து இன்னா பண்ணணும்?"

"உக்காந்து பாருங்க."

குழி பறிப்பதும் முடிச்சுப் போடுவதும் அவருக்கு ஒரு வேலையே இல்லை. இதுதான் அவரை வாட்டிவிட்டது. சாய்ந்த குச்சியின் முன்னால், அதை நிமிர்த்தாமல் உட்கார வேண்டும். கை தானாகத் தொட்டிப் பக்கம் போகும். பாதி வழியில் நினைவு வந்து திரும்பும். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்ளப் பழகினார். புதிதாக வந்த யாராவது, "ஐயோ, செடி சாஞ்சிருக்கே" என்று எட்டினால், எங்களை முந்திக்கொண்டு அவரே அதட்டுவார். "தொடாதீங்க. அது சாஞ்சிருக்குது. அவ்ளோதான்."

வாரங்கள் போயின. குச்சியின் அடியில் சிவப்பாக ஏதோ முளைத்தது. முதலில் பூச்சி என்று நினைத்தோம். வேர். நூல் போன்ற சிவப்பு வேர்கள் கல்லுக்கு இடையில் இறங்கி, கல்லைச் சுற்றிக்கொண்டன. தங்கமீன்கள் வழக்கம் போலக் குடைந்தன. கல் உருண்டது, குச்சி லேசாக ஆடியது, மிதக்கவில்லை. தணிகாசலம் ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றுவிட்டார்.

இன்னும் சில நாள் கழித்துத்தான் மேலே நடந்ததைக் கவனித்தார். குச்சியின் உச்சியில் புதிதாக விட்ட குருத்து, சாய்ந்த தண்டோடு சேர்ந்து சாயாமல், வளைந்து திரும்பி, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து எழும்பியிருந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடினார்.

"அம்மா, இங்க வாங்க. அடி சாஞ்சு கீது. நுனி நேரா கீது. ஒரு நூல் தப்பு இல்ல. யாரும்மா இத்த நிமித்தினது?"

"யாரும் இல்லையே."

"அப்போ இத்தினி நாள் விழாம பிடிச்சுக்கினு இருந்தது? கண்ணாடியா?"

"கண்ணாடிக்கு ஏதுண்ணா கை?"

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். தண்டு அதன் மேல் சாய்ந்திருந்த இடத்தில் பாசி படியாமல் ஒரு கோடு சுத்தமாக இருந்தது. அவர் அந்தக் கோட்டின் மேல் வெளிப்பக்கத்திலிருந்து விரலை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு செருப்பு அழுத்தமாக விழுகிற சத்தம், தொடர்ந்து இன்னொரு செருப்பு இழுபடுகிற சத்தம். இரும்பு கேட் கிறீச்சிட்டது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். பூங்காவனம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தனியாக.

தலை கலைந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை. இடது தோளிலும் புடவையிலும் முழங்கை வரைக்கும் ஒரே சுண்ணாம்பு. நிலைப்படியில் அந்தத் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இன்னாயா பாக்குற? நான்தான்."

தணிகாசலம் பாய்ந்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டுவிட்டன.

"அண்ணா," என்றார் அம்மா. குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவர் கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். கைகள் நீட்டியபடியே இருந்தன. பூங்காவனம் நிலைப்படியை விட்டாள். சாய்ந்தாள். அவள் சாய்ந்தபடியே வலது காலை வைத்தாள், இடது காலை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் ஒரு சாய்வு, அப்புறம் தானே ஒரு மீள்வு. நீட்டிய கைகளைக் கடந்து, தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலுக்குப் போய்ச் சேர்ந்து, உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு," என்றாள் புருஷனிடம்.

அவருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வருடக் கணக்கில் அந்த வீட்டில் தண்ணீர் குடித்தவர். அம்மாதான் செம்பைக் கையில் கொடுத்தார். மனைவியிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நாங்கள் மீனைப் பார்த்தோம்.

"யார் கூட வந்த?"

"செவுத்துக் கூட."

"இன்னாடி சொல்ற?"

"நீ தினம் சாயந்திரம் கெளம்பி இங்க வந்துடற. எத்தினி நேரம் சும்மா உக்காந்துனு இருக்கறது? எழுந்துக்குனேன். சாஞ்சேன். அந்தப் பக்கம் செவுரு இருந்துச்சு. அதும் மேல சாஞ்சிக்கினே நடந்தேன். நடுவுல நீ நாற்காலியத் தூரமா தள்ளிப் போட்டுட்டே. அப்போ செவுரு வரைக்கும் சும்மாவே ரெண்டடி வெக்கணும்னு ஆயிடுச்சு. வெச்சேன்."

"எங்கிட்ட சொல்லலையே நீ."

"சொன்னா வந்து பிடிச்சுப்ப. நீ பிடிச்சா என் காலு எங்க கீதுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

பூங்காவனம் செம்பைக் கீழே வைத்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"தினம் வந்து மூங்கில் நடறேன் மூங்கில் நடறேன்னியே, இதுவா? அதப் பாக்கத்தான் வந்தேன்."

"இதுதான்."

"சாஞ்சில்ல கீது."

"சாஞ்சுதான் கீது," என்றார் தணிகாசலம். "நுனியப் பாரு."

அவள் பார்த்தாள். பிடித்திருந்தது போலிருக்கிறது. மீன்கள் அவள் பக்கம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வழியெல்லாம் எப்படி வந்தாள் என்று நாங்கள் ஆளுக்கொன்று கேட்டோம். எல்லா வீட்டுச் சுவரும் அவளுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. எந்தச் சுவர் சொரசொரப்பு, எதில் புது வெள்ளை, எதில் கட்சிச் சின்னம் ஈரம் காயாமல் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் காலி மனைகிட்ட மட்டும் செவுரு இல்ல. அங்கதான் நின்னுட்டேன். கொஞ்ச நேரம் பயமாயிடுச்சு. அப்புறம் யாரோ தள்ளுவண்டிய நிறுத்தினு இருந்தாங்க. அதும் ஓரமா வந்துட்டேன்."

அம்மா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். பூங்காவனத்திடம், "சர்க்கரை போதுமா அண்ணி?" என்று கேட்டார்.

இதையெல்லாம் யோசித்துத்தான் அவரைத் தினமும் வீட்டைவிட்டுக் கிளப்பினாரா என்று ரொம்ப நாள் கழித்து அம்மாவிடம் நான் கேட்டேன். தொட்டி வெறிச்சென்று இருந்தது, ஏதாவது நடலாம் என்று தோன்றியது என்றார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று இருட்டுவதற்கு முன்பே இருவரும் கிளம்பினார்கள். பூங்காவனம் யார் துணையும் இல்லாமல் எழுந்தாள். கூடத்தைக் கடந்தாள். வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் செருப்பை மாட்டினாள். தணிகாசலத்தின் கை பழக்கத்தில் அவளுடைய வலது முழங்கைக்குப் போனது. தொடுவதற்கு முன்பே இழுத்துக்கொண்டார். அவளுக்கு முன்னால் போனார், வழியை மறைப்பது போலிருந்தது. பின்னால் வந்தார், அதுவும் சரியாக இல்லை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தார். அத்தனை பெரிய மனுஷனுக்குத் தெருவில் ஒரு இடம் கிடைக்கவில்லை.

அவள் மற்றொரு செருப்பை மாட்டுவதற்குள் அவர் மட்டும் உள்ளே திரும்பி வந்தார்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"கையப் பிடிக்கக் கூடாது. அது புரிஞ்சிடுச்சு. அவளே நடக்குறா. எனக்கு சந்தோசம்தான், நெஞ்சு நெறஞ்சு கீது." அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் எதுக்கும்மா?"

அம்மா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் தெருவைப் பார்த்து நின்ற பூங்காவனத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி எந்தப் பக்கம் சாயிறாங்க?"

"இடப்பக்கம்."

"அந்தப் பக்கமா நடந்து போங்க."